நடந்து வரும் சாப்பாடு

வணக்கம் நேயர்களே. ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவன் என்று தெரிந்தால் போதும், பூகம்பத்தை விட்டுவிடுவார்கள், புல்லட் ரயிலை விட்டுவிடுவார்கள். "அங்கே சுஷிக் கடையில் தட்டு தானாகச் சுற்றி வருமாமே? காலையில் வைத்தது சாயங்காலம் வரை சுற்றுமா?" என்றுதான் கேட்பார்கள். வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் மீன் சேர்த்துச் செய்வதுதான் சுஷி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், தட்டுகளைச் சுமந்து சுற்றுகிற அந்த பெல்ட் பிறந்த கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீளும்.

ஒசாகா பக்கம் யோஷியாகி ஷிராயிஷி என்று ஒருவர், சின்ன சுஷிக் கடை வைத்திருந்தார். சுற்றிலும் பட்டறைகள், வருகிறவர்கள் தொழிலாளிகள். விலை ஏறக்கூடாது, கூட்டமோ குறையவில்லை, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கடை நடத்தியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ஒருநாள் அசாஹி பீர் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. சுஷியையும் இப்படி அனுப்பினால் என்ன?

நேராகப் போகிற பெல்ட் சுலபம். மூலையில் திரும்ப வேண்டுமே! வருடக்கணக்கில் போராடினார். கடைசியில் பிறை வடிவத் தகடுகளைக் கோத்தார், வளைவிலும் இடைவெளி விழாமல் திரும்பியது. 1958இல் பெல்ட் வைத்த முதல் கடையைத் திறந்தார். வேகத்துக்கும் ஒரு பாடு பட்டார். மெதுவாகப் போனால் சாப்பிட வந்தவருக்குப் பொறுமை போகிறது, வேகமாகப் போனால் எடுக்கக் கை தயங்குகிறது. நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்று முடிவானது. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இந்த பெல்ட்டைப் பார்த்த பிறகு நாடே பேச ஆரம்பித்துவிட்டது.

நம் பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம், பரிமாறுகிறவர் நடந்து வருவார். ஷிராயிஷி பரிமாறுகிறவரை எடுத்துவிட்டு சாப்பாட்டையே நடக்க வைத்தார். நிறைய பேர் இதை வேடிக்கைக்குச் செய்தது என்று நினைக்கிறார்கள். இல்லை, ஆள் பற்றாக்குறைக்குச் செய்தது. பிறகு வந்தவை எல்லாம் அதே வழிதான். சோற்றை உருட்டித் தர இயந்திரம். மேசையிலேயே வெந்நீர்க் குழாய். குரா சுஷி கடைகளில் காலித் தட்டை மேசை ஓரத்துத் துவாரத்தில் போட்டால் கழுவுமிடத்துக்குப் போய்விடும், எண்ணிக்கையும் ஆகிவிடும். ஐந்து தட்டு போட்டால் திரையில் ஒரு விளையாட்டு, ஜெயித்தால் ஒரு சின்ன பரிசு. அதற்காகவே குழந்தைகள் வயிறு நிரம்பிய பிறகும் இன்னொரு தட்டு கேட்பார்கள், அப்பாக்கள் விழி பிதுங்குவார்கள்!

சரி, முதல் கேள்வி. சாயங்காலம் வரை சுற்றாது. சுஷிரோ கடைகளில் தட்டின் அடியில் மின்னணுச் சில்லு வைத்தார்கள். 350 மீட்டர் ஓடியதும் அந்தத் தட்டு பெல்ட்டை விட்டு விலக்கப்பட்டது. சொல்லப்போனால், இப்போது பல கடைகளில் தட்டுகள் சும்மா சுற்றுவதே இல்லை. 2023 தொடக்கத்தில் ஒரு இளைஞன் கடையில் இருந்த சோயா சாஸ் பாட்டிலை நக்குகிற வீடியோ பரவியது. பெரிய அமளி. இப்போது திரையில் கேட்டால், கேட்டது மட்டும் உங்கள் மேசைக்கு வந்து நிற்கிற இடங்கள் அதிகம். எனக்கு இதில் வருத்தம்தான். பேர் தெரியாத மீனைப் பார்த்து, நல்லாயிருக்கும் போலிருக்கே என்று எடுக்கிற சுகம் திரையில் இல்லை.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எடுத்த தட்டைத் திரும்ப வைக்கக்கூடாது, தொட்டால் உங்களுடையது. தட்டின் நிறத்தைப் பார்த்து விலை போடுகிற கடைகளும் உண்டு. இஞ்சி ஊறுகாய்க்குக் காசில்லை. மேசையில் இருக்கும் வெந்நீர்க் குழாய் கை கழுவ அல்ல, தேநீருக்கு. கொதிக்கிற தண்ணீர் வரும், ஜாக்கிரதை.

சைவமா? வெள்ளரிக்காய் சுருள் எடுங்கள். டோஃபு என்றால் சோயா பனீர். இனிப்பு டோஃபு பைக்குள் சோறு வைத்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த டோஃபுவைப் பெரும்பாலும் மீன் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், சுஷிக் கடை ஆம்லெட்டிலும் பெரும்பாலும் அதே சாறு இருக்கும். நன்றி, வணக்கம்.