புல்வெளிக்குக் கீழே இருக்கும் வேலை: ஓர் ஆங்கிலேயப் பூங்காவின் ஏரியும் அகழியும்

அனைவருக்கும் வணக்கம்.

ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள பிளெனிம் மாளிகையின் ஏரியைப் பார்க்கிறவர்கள், அது ஆதியிலிருந்தே அங்கே கிடந்தது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் 1705இல் மாளிகை வேலை தொடங்கியபோது அந்தப் பள்ளத்தாக்கில் கிளைம் என்ற சிற்றாறுதான் ஓடியது. கட்டடக் கலைஞர் ஜான் வான்பரோ அதன்மேல் மாபெரும் கல்பாலம் எழுப்பினார். அத்தனை பெரிய பாலத்துக்கு அடியில் அத்தனை சின்ன ஓடை! 1760களில் அங்கே வந்த தோட்ட வடிவமைப்பாளர் லான்சலாட் 'கேப்பபிலிட்டி' பிரவுன் பாலத்தில் கை வைக்கவில்லை. ஆற்றை மறித்து அணை போட்டு நீர்மட்டத்தை உயர்த்தினார். பாலத்துக்குள்ளேயே கட்டியிருந்த அறைகளில் கீழ்த்தளத்து அறைகள் மூழ்கின. பாலத்துக்குத் தகுந்த நீர்ப்பரப்பு வந்து சேர்ந்தது. தோட்டக்கலை வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான முடிவு எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அந்தக் காலத்து ஏரிகளில் தண்ணீரைத் தாங்கியது மிதித்துப் பதப்படுத்திய களிமண். கல்லும் வேரும் பொறுக்கிய களிமண்ணில் தண்ணீர் விட்டு, வெட்டிப் பிசைந்து, ஒரு சாண் கனத்துக்கு மிகாமல் படை படையாகப் போட்டு மிதிக்க வேண்டும். ஒரு படை காய்வதற்குள் அடுத்தது விழ வேண்டும். காய்ந்துவிட்டால் இரண்டும் ஒட்டாது, அந்த இடுக்கிலேயே கசியும். அணையின் நடுவிலும் இதே களிமண்ணைச் சுவராக எழுப்பி, அதன் அடியை நீர் புகாத மண் தட்டும்வரை இறக்க வேண்டும். இல்லையென்றால் அணைக்கு அடியிலேயே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

இந்தக் களிமண்ணுக்கு எதிரி வறட்சி. கோடையில் ஏரியை வடித்துப் பல வாரம் வெயிலில் விட்டால் வெடித்துவிடும். அடுத்த எதிரி மரம். அணையின்மேல் வளர்ந்த மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாய்போல் ஆகிவிடும். தூர் வாரும்போதும் கவனம் வேண்டும்: இயந்திரத்தின் வாளி வண்டலோடு அடிக் களிமண்ணையும் அள்ளிவிட்டால், பழுது பார்க்கும் செலவு தூர் வாரிய செலவைத் தாண்டும். அதனால் முதலில் கம்பியை இறக்கி வண்டலின் ஆழத்தை இடம் இடமாக அளந்துகொண்டு, அடியில் கொஞ்சம் வண்டலை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் இயல்பான தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு அதிகமாக நீர் தேக்கும் ஏரி சட்டப்படி பெரிய நீர்த்தேக்கம். அது அதிக ஆபத்துள்ளது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், குறைந்தது 10 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிபெற்ற பொறியாளர் அதைச் சோதித்தாக வேண்டும்.

இனி 'ஹா-ஹா' அகழி. மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர், மேய்ச்சல் பக்கம் சரிவு. வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே தெரியாது. மாடும் மானும் தோட்டத்துக்குள் ஏறவும் முடியாது. பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோ தோட்டத்தில் தோட்ட வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிரிட்ஜ்மேன் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணில் மழைநீர் தேங்கினால் சுவர் வயிறு தள்ளி, கடைசியில் சரியும். சுவரில் விட்ட நீர்த்துளைகளை அடைபடாமல் வைத்திருந்தாலே பாதி ஆபத்து நீங்கும். பழைய சுவரைச் சுண்ணாம்புக் காரையால்தான் பூச வேண்டும். சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் நின்று, உறைபனியில் கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். அகழியில் சேரும் மண்ணையும் அவ்வப்போது அள்ள வேண்டும்; பள்ளம் தூர்ந்தால் சுவரின் உயரம் குறையும், மாடுகள் ரோஜாப் பாத்தியில் நிற்கும்.