வெளியே தேய், உள்ளே தொடாதே

எல்லாருக்கும் வணக்கம். ரேடியோவுல பழைய ஸ்போர்ட்ஸ் கார் பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் மொத்தக் காரைப் பத்தியும் பேசப் போறதில்ல, பானட்டைத் தூக்கினா உள்ள தெரியுதே பழைய சாமான்கள், அதுங்கள தேய்ச்சு சுத்தம் பண்ணி பாலிஷ் போட்டுத் திரும்ப மாட்டுறது எப்படின்னு மட்டும்தான் பேசப் போறேன், அதுக்கே நேரம் பத்தாது.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்னு ஸ்டேஷனை மாத்திடாதீங்க. சம்பந்தம் இருக்கு. ஏதோ ஒரு கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ அம்பாஸடர்ல போயிருப்பீங்க இல்லியா, பழைய பெட்ரோல் அம்பாஸடர்ல இருந்த 1489 சிசி இன்ஜின் இங்கிலாந்துல பிஎம்சி கம்பெனி பண்ணின பி சீரீஸ் இன்ஜின். அதே குடும்பத்து 1489 சிசி இன்ஜினுக்கு ரெண்டு கார்புரேட்டரை, அதான் பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கிற சாமானை, போட்டுத்தான் 1955ல எம்ஜிஏன்னு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினாங்க. ஆக்ஸ்போர்டு பக்கத்துல ஆபிங்டன்னு ஒரு ஊர், அங்க 1962 வரைக்கும் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல பண்ணி பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்பினாங்க. அதனால அம்பாஸடருக்கு டேப்பட் வெச்ச நம்ம ஊர் மெக்கானிக் யாரும் எம்ஜிஏ பானட்டைத் தூக்கினா மிரள மாட்டார், அட இது நம்ம ஆளாச்சேன்னுதான் சொல்லுவார்.

என் நண்பர் ஒருத்தர்கிட்ட அப்படி ஒரு வண்டி இருக்கு. அதுக்குப் பழைய இன்லெட் மேனிஃபோல்டு, அதான் கார்புரேட்டர்ல இருந்து இன்ஜினுக்குப் போற குழாய், இன்ஜின் தலையை மூடுற டேப்பட் கவர், ஒரு ஜோடி எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டர், எல்லாம் யூஸ்டு பார்ட்ஸா வாங்கினார். புதுசா காப்பி அடிச்ச பார்ட்டும் கிடைக்குது, ஆனா என் கட்சி பழைய சாமான்தான். அந்தக் காலத்து வார்ப்பு, போல்ட் ஓட்டை எல்லாம் போன இடத்துல கரெக்டா உக்காரும். என்ன, வரும்போது பாக்க சகிக்காது. கரியும் ஆயிலும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி பிடிச்சிருக்கும், அதுக்கு அடியில அலுமினியம் வெள்ளை வெள்ளையா பூத்திருக்கும்.

முதல் வேலை கழுவுறது. மண்ணெண்ணெய் கிடைச்சா மண்ணெண்ணெய், இல்லேன்னா டீசல், ஒரு பழைய பிரஷ், பொறுமை. யாராவது காஸ்டிக் சோடா போடுங்க சார் சட்டுனு போயிடும்னு சொன்னா கேக்காதீங்க. இரும்புக்கு அது சரி. அலுமினியத்துக்கு மேல காத்து பட்டுப் பட்டு ஒரு மெல்லிசான படலம் தானா உருவாகியிருக்கும், அதுதான் அதுக்குக் கவசம், காஸ்டிக் அந்தப் படலத்தையும் கரைச்சு உலோகத்தையும் தின்னும். புஸ்ஸுனு பொங்கும் பாருங்க, அது ஹைட்ரஜன், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா வேற கதை ஆயிடும். எடுத்துப் பார்த்தா பார்ட்டு கருத்துப் போயிருக்கும், ஓரமெல்லாம் அரிச்சிருக்கும்.

கழுவினப்புறம் உப்புத்தாள். இங்க ரகசியம் ஒண்ணும் இல்ல, அவசரப்படாம இருக்கிறதுதான் வேலையே. நம்பர் கூடக் கூட தாள் மெல்லிசு. ரொம்ப சொரசொரன்னு இருந்தா 240, அப்புறம் 400, 600, 800, 1200. 400ல ஆரம்பிச்சப்புறம் எல்லாம் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணி தொட்டுத் தொட்டு. ஒரு நம்பர்ல நெடுக்கத் தேய்ச்சீங்கன்னா அடுத்த நம்பர்ல குறுக்கத் தேய்க்கணும், அப்பத்தான் முந்தின கோடு போச்சா இல்லியான்னு கண்ணுக்குத் தெரியும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. பழைய நெடுக்குக் கோடு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாலும் அடுத்த நம்பருக்குப் போகாதீங்க, ஏன்னா பஃப் அடிச்சப்புறம், அதான் துணிச் சக்கரத்துல பாலிஷ் ஏத்தினப்புறம், அந்த ஒரு கோடுதான் பளிச்சுனு முதல்ல கண்ல படும். விரல்ல கருப்பா ஒரு சாந்து ஒட்டும், ரெண்டு நாளைக்குப் போகாது, வீட்ல திட்டு விழும்.

அதுக்கு மேல பஃப் மெஷின். துணிச் சக்கரம், அதுல பிரவுன் கலர் பாலிஷ் கட்டி தடவி முதல்ல, அப்புறம் வேற சக்கரத்துல வெள்ளைக் கட்டி. பார்ட்டைச் சக்கரத்தோட கீழ்ப் பாதியில பிடிங்க, ஓரம் சக்கரத்துக்கு எதிரா நிக்கக் கூடாது. நின்னா பிடுங்கி அடிச்சுடும், பார்ட்டும் போச்சு, மூஞ்சியும் போச்சு. கண்ணாடி போடாம இந்த வேலையில இறங்கவே இறங்காதீங்க.

இப்ப நான் எதுக்கு வந்தேனோ அந்த விஷயம். வெளியே எவ்வளவு வேணா தேய்ங்க, உள்ளே தொடாதீங்க. மறுபடியும் சொல்றேன், உள்ளே தொடாதீங்க.

நண்பர் அந்த கார்புரேட்டர் ரெண்டையும் கழட்டி, மேல மணி மாதிரி கவுத்து வெச்சிருக்கிற டப்பா இருக்கு பாருங்க, டாஷ்பாட்னு சொல்லுவாங்க, அது ரெண்டையும் ஒரு பாத்திரம் பாலிஷ் போடுற பட்டறையில குடுத்துட்டார். அந்த ஆள் கெட்டிக்காரர், எவர்சில்வர் அண்டாவை எல்லாம் முகம் பாக்கிற மாதிரி பண்ணிக் குடுக்கிறவர். இதையும் அப்படியே பண்ணினார். வெளியே கண்ணாடி. நண்பருக்கு வாயெல்லாம் பல்லு. திருப்பிப் பார்த்தா உள்ளேயும் கண்ணாடி! சார், உள்ள கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, அதையும் சேர்த்துப் பண்ணிட்டேன், அதுக்குத் தனியா காசு வேணாம்னு சொல்லியிருக்கார். அவர் மேல என்ன தப்பு சொல்றது, டம்ளர்னா உள்ளயும் வெளியயும் தேய்க்கிறதுதானே முறை.

இதுல என்ன கெட்டுப் போச்சுன்னு கேக்கறீங்களா? சைக்கிள் பம்ப் பார்த்திருக்கீங்க, உள்ள தோல் வாஷர் ஒண்ணு சுவரை ஒட்டி ஓடும், வாஷர் போச்சுன்னா காத்து ஏறாது. எஸ்.யூ. கார்புரேட்டர்லயும் அந்த டப்பாக்குள்ள ஒரு பிஸ்டன் ஏறி இறங்குது, இன்ஜின் இழுக்கிற காத்துக்குத் தகுந்த மாதிரி, அது கூடவே ஒரு ஊசி ஏறி பெட்ரோலைக் கூடக் குறைய விடுது. ஆனா இங்க வாஷரே கிடையாது. பிஸ்டன் சுவரைத் தொடவும் தொடாது. நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி, அந்த இடைவெளிதான் எல்லாம். ஃபாக்டரியில இந்த டப்பாவுக்கு இந்த பிஸ்டன்னு ஜோடி சேர்த்துத்தான் வெச்சிருப்பாங்க. அதனால ரெண்டு கார்புரேட்டரையும் ஒரே நேரத்துல கழட்டி ஒரே தட்டுல கொட்டி வெக்காதீங்க, ஜோடி மாறிடும்.

இந்த கார்புரேட்டர் ஆரம்ப காலத்துல பிஸ்டனே இல்லாமத்தான் இருந்துச்சு, தோல்ல தைச்ச துருத்தி ஒண்ணுதான் அந்த வேலையைப் பண்ணிச்சு. எஸ்.யூ.ங்கிறது ஸ்கின்னர் யூனியன், அதைக் கண்டுபிடிச்ச ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் யார் தெரியுமா, லண்டன்ல லில்லி அண்ட் ஸ்கின்னர்னு பெரிய செருப்புக் கம்பெனிக் குடும்பம். தோலுக்கு அவங்க வீட்ல பஞ்சமா! இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன், என் பொண்ணு வீட்ல ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுவா.

சரி, கதைக்கு வரேன். நல்ல ஜோடியா இருந்தா, பிஸ்டன்ல இருக்கிற சின்ன ஓட்டைகளை அடைச்சுட்டு டப்பாவை விட்டுப் பார்த்தா அது மெதுவா, அஞ்சு ஏழு விநாடி எடுத்து நழுவி இறங்கணும். நண்பரோட டப்பா டொப்புனு விழுந்துச்சு. மாட்டி ஓட்டினா ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறப்ப வண்டி திக்கித் திணறுது, ஒரு கார்புரேட்டரை டியூன் பண்ணினா இன்னொண்ணு ஒத்து வரல. கடைசியில வேற ஜோடி தேடி வாங்க வேண்டியதாப் போச்சு. பாலிஷுக்குக் குடுத்த காசை விட அது பல மடங்கு.

அதனால பஃப் அடிக்கக் குடுக்கிறதா இருந்தா உள்ள துணியைத் திணிச்சு வாயை டேப் போட்டு ஒட்டிக் குடுங்க, வாயாலயும் சொல்லுங்க. உள்ள சுத்தம் பண்ண பெட்ரோல் தொட்ட மெல்லிசுத் துணி போதும், உப்புத்தாள், பிராஸோ எதுவும் வேணாம்.

உள்ளேன்னு சொன்னேனே, அது கார்புரேட்டருக்கு மட்டும் இல்ல. இப்ப எல்லாரும் பிளாஸ்டிங் பண்ணிக்கிறாங்க, சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளைக் காத்துல வேகமா அடிச்சு சுத்தம் பண்றது. பாக்க ரொம்ப அழகா வரும், பாலிஷே தேவையில்லன்னு தோணும். ஆனா அந்த மணி எங்கெல்லாம் போய் உக்காரும்னு யோசிங்க. இன்லெட் மேனிஃபோல்டுல உக்காந்தா நேரா சிலிண்டருக்குள்ள போகும். சில டேப்பட் கவர்ல உள் பக்கம் ஒரு தகடு வெச்சு வெல்டு பண்ணியிருப்பாங்க, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும், இன்ஜின் சூடாகி ஆயில் தெறிக்கத் தெறிக்க ஒண்ணொண்ணா கீழ வந்து பேரிங்கைத் தின்னும். சுடுதண்ணி, சோப்பு, காத்து, மறுபடியும் சுடுதண்ணி. தட்டிப் பாருங்க, குலுக்கிப் பாருங்க. தகடு வெச்ச கவர்னா பிளாஸ்டிங்குக்கே போகாதீங்கன்னு சொல்லுவேன்.

டேப்பட் கவர்னதும் ஞாபகம் வருது. எம்ஜிஏவுக்கு வர்றது இரும்புத் தகடு, இன்ஜின் கலர்லயே, ஒரு மாதிரி மெரூன் சிவப்புல பெயின்ட் அடிச்சுத்தான் வந்துச்சு. அதைக் கொண்டு போய் குரோம் போட்டு வெக்கிறாங்க. ரேடியேட்டர் பித்தளை டேங்க்ல கருப்பு பெயின்டைச் சுரண்டிட்டு பாலிஷ் போடறாங்க. எனக்கு இது பிடிக்காது. அலுமினியம் அலுமினியமா இருக்கட்டும், பெயின்ட் பெயின்டா இருக்கட்டும், எல்லாமே மின்னினா எதைப் பாக்கிறது? கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம். சரி, வேகமா. சென்னைல கடல் காத்து, பாலிஷ் போட்ட அலுமினியம் சீக்கிரம் மங்கும், சூடாகிற இடத்துல லாக்கர், அதான் கண்ணாடி மாதிரி வார்னிஷ், அடிச்சா மஞ்சளாகி உரியும், வேக்ஸ் தடவி அப்பப்பத் துடைக்கிறதே மேல். கார்புரேட்டர் மேல பித்தளை மூடி இருக்கும், அதுக்குப் புளியே போதும், ஆனா கழட்டி எடுத்துத் தேய்ங்க. நட்டு போல்ட்டை ஜிங்க் பிளேட்டிங்குக்குக் குடுக்கலாம், கனெக்டிங் ராட் போல்ட், ஹெட் ஸ்டட் மாதிரி இன்ஜினுக்குள்ள பாரம் தாங்குற கெட்டியான ஸ்டீலை மட்டும் குடுக்காதீங்க, ஆசிட்ல முக்கும்போது ஹைட்ரஜன் உள்ள புகுந்து படக்குனு ஒடியிற பதத்துக்கு வந்துடும். எக்ஸாஸ்ட் பத்திச் சொல்லணும்னு எழுதி வெச்சிருந்தேன், அது இன்னொரு நாள்.

ஒண்ணு மட்டும், டேப்பட் கவரைத் திரும்ப மாட்டும்போது மேல இருக்கிற ரெண்டு நட்டையும் வெறி பிடிச்ச மாதிரி முறுக்காதீங்க, கார்க் பேக்கிங் பிதுங்கி வெளிய வந்துடும், அப்புறம் தேய்ச்சதெல்லாம் ஆயில்ல குளிக்கும். கையால உக்கார வெச்சு, ஸ்பேனர்ல மெதுவா கொஞ்சம், அவ்வளவுதான். போறேன், விளக்கு எரியுது, வணக்கம்.