ஊசி போட்டு அடங்கிய அலர்ஜி மறுபடி வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறால் தொக்கு சாப்பிட்ட ஒருவருக்குக் கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்டதும் அடங்கிவிடுகிறது. உடனே வீட்டார் கேட்பது, "சரி, கிளம்பலாமா டாக்டர்?"

அவசரப்படாதீர்கள். கடுமையான அலர்ஜி வந்தவர்களில் சிலருக்கு, ஏறக்குறைய நூற்றில் ஐந்து பேருக்கு, அது இரண்டாம் முறையும் வரும். இறாலை மறுபடி தொடாமலேயே அப்படி வரலாம். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அபூர்வமாக மூன்று நாள் வரைகூட ஆகலாம். முதலில் வெறும் தடிப்பாக இருந்தது, இரண்டாவதில் மூச்சைப் பிடிக்கலாம்.

முதல் முறை மிகக் கடுமையாக வந்தவர்கள், ஒரு ஊசிக்கு மேல் தேவைப்பட்டவர்கள், ஊசி தாமதமாகக் கிடைத்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். இவர்களைக் குறைந்தது 6 மணி நேரமாவது கண்காணிப்பில் வைப்பது நல்லது. கடுமையான ஆஸ்துமா இருப்பவர், ராத்திரியில் வந்தவர், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் இருப்பவர் என்றால் 12 மணி நேரம். லேசாக வந்து, ஒரே ஊசியில் சீக்கிரம் முழுசாகச் சரியானவரைச் சீக்கிரமே அனுப்பிவிடலாம்.

நம் ஊரில் எல்லாரும் நம்புவது அவில், செட்ரிசின் மாத்திரைகளைத்தான். அவை அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டையைத் திறக்கவோ விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அவற்றால் முடியாது. ஸ்டீராய்டு ஊசியும் இரண்டாம் சுற்றைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. எனக்கு அவிலில் இன்னொரு பயமும் உண்டு. அது தூக்கம் வரவழைக்கும். பாவம், அசந்து தூங்குகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். உண்மையில் அவருக்கு மயக்கம் வந்துகொண்டிருக்கலாம். அதனால் அன்று ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள். அவ்வப்போது எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள்.

குரல் கம்முதல், விடாத இருமல், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். பாத்ரூம் போகிறேன் என்றாலும் எழுந்து நடக்க விடாதீர்கள். நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்புறம், போனில் வெறும் அரிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "மத்தியானம் சாப்பாட்டு அலர்ஜிக்கு அட்ரினலின் போட்டார்கள், இப்போது திரும்ப வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.