கேட்காமலே உதவும் கணினி

நேயர்களுக்கு வணக்கம். தொழில்நுட்பம் பற்றிப் பேச வந்திருப்பதாக என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம். எனக்கு ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாது. நான் மொழிபெயர்ப்பாளர், சொந்தமாகத் தொழில் செய்கிறேன். வேலை பிடிப்பது நான், முடித்துக் கொடுப்பது நான், பில் போடுவது நான், வராத பணத்துக்கு நாசூக்காக நினைவூட்டுவதும் நான். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் கணினி மக்கர் செய்தால் கூப்பிட ஓர் ஆள் இருப்பார். எனக்கு அந்த ஆள், கண்ணாடியில் தெரிகிறவர்தான்.

இருபது வருடத்துக்கு மேல் இப்படி ஓடிவிட்டது. இந்த உரைக்காகக் கணினியால் எனக்கு வந்த சங்கடங்களை எண்ணிப் பார்த்தேன். வைரஸ் வந்ததில்லை. இயந்திரம் அடியோடு கெட்டது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் கணினி எனக்கு உதவி செய்யப் போய் வந்த வினை. அதுவும் நான் கேட்காத உதவி.

மின்னஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் எனக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் உண்டு. முதல் மூன்று எழுத்தை அடித்ததுமே மெயில் பெட்டி முகவரியை நிரப்பிவிடும். ஒருநாள் ஒருவருக்கு எழுதிய கட்டண விவரம் மற்றவருக்குப் போய்விட்டது. அந்த மற்றவரிடம் நான் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது: “இந்தக் கட்டணம் எங்களுக்கும் சம்மதம்.” அதே கட்டணத்தில்தான் இன்றுவரை அவருக்கு வேலை செய்கிறேன்.

அதற்கப்புறம் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஃபைலை இணைப்பேன், பிறகு கடிதம், கடைசியாகத்தான் முகவரி. முகவரி இல்லாத கடிதத்தைக் கை தவறி அழுத்தினாலும் அனுப்ப முடியாது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். அனுப்பியதைத் திரும்ப இழுக்கும் அவகாசம் அதில் 5 நொடி என்று இருக்கும். அதை 30 நொடி வரை கூட்டலாம். தப்பு செய்துவிட்டோம் என்று உறைக்க எனக்குச் சரியாக இருபது நொடி ஆகிறது.

அடுத்து ஸ்ப்ரெட்ஷீட், அதாவது எக்செல் மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் மென்பொருள். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் தனியாகத் தொழில் செய்கிறவர்களின் கல்லாப்பெட்டியும் பேரேடும் இப்போது இதுதான். 1979-இல் தனிநபர் கணினிக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளான விசிகால்க், ஆப்பிள் கணினிக்கு வந்தது. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும் செய்தது. புரோகிராம் எழுதத் தெரியாத ஆட்கள் சொந்தக் காசு போட்டுக் கணினி வாங்க அதுவே ஒரு பெரிய காரணமாக இருந்தது. ஒரு கட்டத்துக்குள் சூத்திரம் எழுதி, பத்துக் கட்டங்களின் கூட்டுத்தொகையை வரவைக்கிறீர்களே, அதுவும் ஒருவகைப் புரோகிராம்தான். யாரும் நம்மிடம் அப்படிச் சொல்லிப் பயமுறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கட்டங்களுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் எதை அடித்தாலும் அது எண்ணா, தேதியா, வெறும் எழுத்தா என்று தானே முடிவு செய்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணை அடியுங்கள். முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும், எண் என்றால் அதற்கு மதிப்பில்லை பாருங்கள். 16 இலக்க எண்ணை அடித்தால் எக்செல் 15 இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கும். சத்தமே வராது, எச்சரிக்கையும் கிடையாது. நான் ஒரு தடவை வாடிக்கையாளர்களின் கணக்கு எண்களை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அழகாக அடுக்கி வைத்தேன். பல மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் எல்லா நீள எண்களும் பூஜ்யத்தில் முடிவது கண்ணில் பட்டது. எத்தனை ஒற்றுமை என்று ஒரு கணம் வியந்துகூடப் போனேன்!

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வரும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். மரபணு ஆராய்ச்சியாளர்களும் இதே குழியில் விழுந்தார்கள். மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்கு அவர்கள் சுருக்கப் பெயர் வைத்திருந்தார்கள். எக்செல் அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று மாற்றிவிடும். கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மனிதர்கள்தான் இறங்கி வந்தார்கள். இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை எக்செல் 2023-இல்தான் கொடுத்தது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். எண்ணை அடிக்கும் முன்பு அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்ற வேண்டும். முன்பு என்பது முக்கியம். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. எது எண், எது எழுத்து என்று குழப்பமாக இருந்தால் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதை நான் எப்போதாவது கூட்டிக் கழிப்பேனா? தொலைபேசி எண்ணை யாரும் கூட்ட மாட்டார்கள். அப்படியானால் அது எண்ணே இல்லை, எண் வேஷம் போட்ட பெயர்.

தேதியிலும் இதே கதைதான். 3/4 என்றால் மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்பது கணினியின் மொழி, நாட்டு அமைப்பைப் பொறுத்தது. அதனால் ஃபைல் பெயர்களில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுதுகிறேன். 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதே வரிசையைச் சொல்கிறது. பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். ‘இறுதி’, ‘இறுதி2’, ‘உண்மையான இறுதி’ என்றெல்லாம் பெயர் வைத்து, கடைசியில் எதை அனுப்பினோம் என்று முழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்றாவது உதவி எல்லாவற்றையும்விடப் பலமானது. கைபேசியில் இடம் போதவில்லை என்று ஒரு பழைய ஃபோல்டரை அழித்தேன். அது கிளவுடோடு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்தோடு, இணைந்திருந்தது. கைபேசியில் அழித்ததை, எல்லா இடத்திலும் அழிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மடிக்கணினியிலும் பொறுப்பாக அழித்துவிட்டது. அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். நான் தேடிப்போனது நாற்பதாவது நாள்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. கிளவுடில் இருக்கிறது என்பதும், பிரதி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. கிளவுட் கண்ணாடி மாதிரி. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இதைப் பிரபலமாக்கியவர் கணினி விஞ்ஞானி இல்லை, ஒரு புகைப்படக் கலைஞர். படம் போனால் பிழைப்பே போய்விடும் என்ற பயம்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். என்னிடம் மடிக்கணினி, கிளவுட், அப்புறம் ஒரு வெளி ஹார்டு டிஸ்க். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கைச் செருகுவேன், பிரதி எடுத்ததும் உருவி அலமாரியில் வைத்துவிடுவேன். செருகியே வைத்திருந்தால் அதற்கும் கணினி ஏதாவது உதவி செய்துவிடும்.

மொழிபெயர்ப்பு இயந்திரம் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். பயன்படுத்துகிறேன். ஊகித்து உதவுவதில் அது மற்ற எல்லாவற்றுக்கும் அண்ணன். தப்பையும் சரளமாகச் சொல்லும், அதனால் அது தந்ததைக் கையில் வாங்கியதும் நடையைப் பார்ப்பதில்லை. எண்கள், பெயர்கள், ‘இல்லை’ என்று முடிய வேண்டிய வாக்கியங்கள், இந்த மூன்றையும்தான் முதலில் மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறேன்.

சரி, பிரதி எடுத்தால் போதுமா? அதைத் திறந்து பார்த்தால்தானே இருக்கிறதா என்று தெரியும். மாதக் கடைசியில் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திறப்பேன். போன மாதம் கையில் வந்தது 2003-இல் செய்த ஒரு மொழிபெயர்ப்பு. திறந்தால், திரை முழுக்க ஆங்கில எழுத்தும், தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த எழுத்துமாக இருந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு நாம் முழுதாக மாறாத காலம் அது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே தெரியாது. கணினி இந்தத் தடவை எதையும் ஊகிக்கவில்லை, எந்த உதவியும் செய்யவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று நான்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்காவதில் முதல் வரி தமிழாகத் திரும்பி வந்தது. அந்த வரியிலேயே ஓர் ஒற்றுப்பிழை இருந்தது.

நன்றி, வணக்கம்.