விலங்கு ஊருக்கு, புல் யாருக்கு?

அவைக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரு மாலைப் பொழுதில் கண்டம் முழுவதையும் சுற்றிவர முடியாது. நமீபியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காட்டையும் விலங்கையும் ஊர் மக்களே காக்க முடியுமா என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் நாடு அது.

அந்த நாடு தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தபோது, 1960-களின் இறுதியில் ஒரு சட்டம் வந்தது. 1975-இல் அது இன்னும் விரிந்தது. சொந்தப் பண்ணை வைத்திருந்த வெள்ளையர்கள் தங்கள் நிலத்தில் திரியும் கூடு, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் போன்ற மான் வகைகளைத் தாங்களே வேட்டையாடலாம், விற்கலாம் என்றது சட்டம். மாட்டுக்கான புல்லைத் தின்கிறதே என்று அவர்கள் விரட்டிக்கொண்டிருந்த மான் வருமானம் ஆயிற்று. பண்ணைகளில் விலங்குகள் பெருகின. கறுப்பின மக்கள் வாழ்ந்த பொது நிலங்களுக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. அங்கே யானை வயலை மிதித்தாலும் சிங்கம் மாட்டை அடித்தாலும் நட்டம் குடும்பத்துக்கு. விலங்கு அரசுக்கு. பசிக்கு ஒரு மானை அடித்தால் வழக்கு.

வடமேற்கில் காவோகோவெல்ட் என்றொரு வறண்ட பகுதி. ஹிம்பா, ஹெரேரோ மக்கள் மாடு வளர்த்து வாழும் இடம். 1980-களின் தொடக்கத்தில் அங்கே வந்த பஞ்சத்தில் மாடுகளில் பெரும்பங்கு செத்துப்போயின. மாடு போனால் அவர்களுக்குப் பால் போகிறது, மணவாழ்வின் முறைகளும் முன்னோர் வழிபாடும் ஆட்டம் காண்கின்றன. அதே வேளையில் தந்தத்துக்காகவும் கொம்புக்காகவும் யானையையும் கறுப்புக் காண்டாமிருகத்தையும் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் சிலர் அதில் இருந்தது உண்மை. ராணுவத்தினரும் அதிகாரிகளும் இருந்ததும் உண்மை.

அங்கே கார்த் ஓவன்-ஸ்மித் என்ற இயற்கைப் பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய் உட்கார்ந்தார். ஜோஷுவா காங்கோம்பே போன்ற தலைவர்களுக்கும் விலங்குகள் அழிவதில் வருத்தம் இருந்தது. உங்கள் ஆட்களையே காவலுக்கு வையுங்கள் என்று பேசி முடிவானது. யாரைக் காவலராக வைப்பது என்பதைத் தலைவர்களே தீர்மானித்தார்கள். அந்த மண்ணில் ஆடு மாடு மேய்த்து, வேட்டையாடி, காலடித் தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் காவலர் ஆனார்கள். கொஞ்சம் பணம், கொஞ்சம் உணவுப் பொருள், அவ்வளவுதான் சம்பளம். அவர்கள் பதில் சொல்லவேண்டியது தங்கள் தலைவருக்கும் ஊருக்கும். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே பெரிய செய்தி இதுதான். சீருடைக்காரருக்குத் தெரியாத திருட்டு ஊருக்குத் தெரியும். ஊர் வாய் திறந்ததும் திருட்டு வேட்டை அடங்கத் தொடங்கியது. மானிடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சன் பின்னர் ஓவன்-ஸ்மித்துடன் சேர்ந்தார். 1993-இல் இருவருக்கும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

1990-இல் விடுதலை. 1996-இல் சட்டத் திருத்தம். பண்ணைக்காரருக்கு இருந்ததைப் போன்ற உரிமை பொது நிலத்து மக்களுக்கும் வந்தது. அதற்கு ஊர் மக்கள் கூடி 'கன்சர்வன்சி' என்ற ஊர்ப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். உறுப்பினர் பட்டியல், அக்கம்பக்கத்து ஊர்கள் ஒப்புக்கொண்ட எல்லை, தேர்ந்தெடுத்த குழு, விதிமுறை, வருமானத்தைப் பங்கிடும் திட்டம், இவ்வளவும் கையில் இருக்கவேண்டும். பக்கத்து ஊரோடு எல்லை பேசி முடிப்பதற்கே சில இடங்களில் ஆண்டுக்கணக்கானது. 1998-இல் முதல் நான்கு பதிவாயின. இன்று 86. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குள் வருகிறது.

காவலர் கையில் இருக்கும் பதிவேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சுற்றி வரும்போது பார்த்ததை மஞ்சள் தாளில் குறிப்பார்: சிங்கம் அடித்த ஆடு, யானை உடைத்த தண்ணீர்த் தொட்டி, கண்ணி, செத்த விலங்கு. மாதக் கணக்கு நீலத் தாளில், பல ஆண்டுக் கணக்கு சிவப்புத் தாளில் ஏறும். எதைக் கவனிப்பது என்று முடிவு செய்வதும் ஊர், கணக்குப் போடுவதும் ஊர். தகவலை வெளியூர் நிபுணர் அள்ளிக்கொண்டு போய்விடுவதில்லை. கணக்கு தன் கையில் இருப்பதால் அடுத்த ஆண்டு எத்தனை மானை அடிக்கலாம் என்ற பேச்சில் ஊருக்கும் வாய் இருக்கிறது.

வருமானம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். சுற்றுலா விடுதி, கட்டணம் கட்டி வரும் வேட்டைக்காரர், இறைச்சி. ஹிம்பா பெண்கள் ஓமும்பிரி என்ற சிறு மரத்தில் தானாக வடியும் பிசினைச் சேகரிக்கிறார்கள். காலங்காலமாக அவர்கள் பூசிக்கொண்ட வாசனை இப்போது ஓபுவோ ஊரில் எண்ணெயாக வடிக்கப்பட்டு வெளிநாட்டு வாசனைத் திரவியக்காரர்களிடம் போகிறது. மரத்தில் ஒரு கீறல்கூடப் போடவேண்டியதில்லை. நம் கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வேலியாக நிற்கும் கிளுவையும் இதே பேரினம்தான்.

வேட்டை என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் அது இனிப்பான செய்தி இல்லை. ஆனால் விடுதி கட்ட ஆளும் முதலும் வராத தொலைதூர ஊர்கள் பலவற்றுக்கு வேட்டைப் பணம்தான் காவலரின் சம்பளம். தடை கேட்பவர்கள் அந்தச் சம்பளத்தை யார் தருவது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். 2020-இல் கொரோனா வந்து விமானம் நின்றபோது விடுதி வருமானம் அப்படியே வறண்டது. அவசர நிதி திரட்டித்தான் காவலர்களைக் காப்பாற்றினார்கள். வெளியூர்க்காரன் வருகையை மட்டும் நம்பிய பிழைப்பு எவ்வளவு மெலிந்தது என்று அப்போது தெரிந்தது. பணம் வந்தாலும், சிங்கத்துக்கு மாட்டைப் பறிகொடுத்தவர் ஒருவர், விடுதியில் வேலை கிடைத்தவர் வேறொருவர். இந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. கன்சர்வன்சிக்கு விலங்கின் மேல் உரிமை உண்டு, புல்லின் மேல் இல்லை. நிலம் அரசுடையது. வடகிழக்கில் சான் என்னும் பழங்குடி மக்களின் நையே நையே, 1998-இல் பதிவான முதல் நான்கு கன்சர்வன்சிகளில் ஒன்று. 2009-இல் தெற்கே காம் ஊரிலிருந்து ஹெரேரோ குடும்பங்கள் கால்நடை நோய்த் தடுப்பு வேலியை வெட்டிக்கொண்டு மாடுகளோடு உள்ளே வந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று தள்ளிவிட முடியாது. 1904-இல், அப்போது அந்த நாட்டை ஆண்ட ஜெர்மானியர் நடத்திய இனப்படுகொலைக்குத் தப்பி போட்ஸ்வானாவுக்கு ஓடியவர்களின் வாரிசுகள், விடுதலைக்குப் பின் திரும்பி வந்து காமில் குடியேற்றப்பட்டவர்கள். அங்கே நச்சுச் செடி தின்று மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அரசு மாடுகளைப் பறிமுதல் செய்தது. ஆனால் இரண்டு ஏழைக் கூட்டங்களை ஒரே புல்லுக்கு முன்னால் நிறுத்தியது யார் என்பதை யாரும் கேட்கவில்லை.

பக்கத்திலேயே நா ஜக்னா கன்சர்வன்சி. அங்கே வெளியிலிருந்து வந்தவர்கள் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்தார்கள். சான் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2016-இல் தலைநகர் வின்ட்ஹுக்கில் உள்ள உயர் நீதிமன்றம் வேலிகளை அகற்றச் சொன்னது. தீர்ப்பை வாங்க மக்களால் முடிந்தது. வேலியைப் பிடுங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மானைக் காக்கும் பொறுப்பை ஊரிடம் கொடுத்த அரசு, அந்த மான் மேயும் தரையையும் ஊரின் பேரில் எழுதிக்கொடுக்க வேண்டும். வெள்ளைப் பண்ணைக்காரருக்கு 1975-இலேயே இரண்டும் கையில் இருந்தன.