சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும்

(தரமணியில் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, அடுத்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் காவல் ஆய்வாளர் ஐயா அவர்களே, இந்த அரங்கைக் கொடுத்துதவிய கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியதுவரை ஓடியாடிய நாட்டு நலப்பணித் திட்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிள் திருட்டைத் தடுக்க பூட்டு, நம்பர், ஸ்டாண்டு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படித்தான் சைக்கிள் போன பிறகு நம் பிள்ளைகள் நல்ல பூட்டு வாங்குகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. செய்யாறு பக்கத்துக் கிராமம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த இலவச சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தான். பறக்கும் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி, பின்சக்கரத்து வளையப் பூட்டை மட்டும் போட்டுவிட்டு ரயில் ஏறினான். சாயங்காலம் வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. எதிரே டீ மாஸ்டர் சொல்கிறார்: "ஒருத்தர் வந்து சாவி தொலைஞ்சுபோச்சுண்ணேன்னாரு. பாவமா இருந்துச்சு. நான்தாம்பா ஒரு கை பிடிச்சு மீன்பாடி வண்டியில ஏத்திவிட்டேன்!"

சொல்லும்போதே அந்த மனுஷன் கண் கலங்கிவிட்டார். அன்று முழுக்கத் தம்பியிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

அப்புறம் காவல் நிலையம். அங்கே மீட்ட சைக்கிள்கள் துருப்பிடித்து வரிசையாக நிற்கின்றன. அதில் இரண்டு இவனுடையது மாதிரியே இருக்கின்றன. அரசு சைக்கிள்தானே, ஒரே நிறம், ஒரே அச்சு. "ஃபிரேம் நம்பர் என்னப்பா?" என்றார்கள். தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினான்.

அந்த நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். இன்றைக்கே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தொலைந்த பிறகு நம்பரைத் தேடுவதும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். பூட்டும்போது சங்கிலியை ஃபிரேமோடு சேர்த்து ஒரு கம்பத்தில் மாட்டுங்கள். திருட்டுக்கான சட்டத்தைப் பற்றி ஆய்வாளர் ஐயாவே பேசுவார்.

ஆனால் மாட்டக் கம்பம் எங்கே? அதுதான் என் கேள்வி. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில்கூட சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. துண்டுச் சீட்டைக் காட்டாமல் வண்டியை எடுக்க முடியாது. இன்று ஸ்டாண்டு இருக்கிற இடத்திலும் பைக்குக்குத்தான் இடம். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014இலேயே கொள்கை வகுத்திருக்கிறது. அந்தக் கொள்கைக்கு ஏற்றதைத்தான் கேட்கிறோம். ரயில் நிலைய வாசலிலும் கல்லூரி வாசலிலும் தரையில் பதித்த இரும்புக் கம்பி, மேலே ஒரு கூரை, சீட்டுக் கொடுக்க ஓர் ஆள். அந்த வேலையை இந்த ஊர் மாற்றுத்திறனாளி ஒருவருக்கே கொடுக்கலாம்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதை எழுப்ப வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.