கொத்துகிறவரும் பூசுகிறவரும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம்மூர்ப் போர் தண்ணீரைத் தொடர்ந்து காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு கட்டிக்கொள்ளும். ஆலைக் குழாய்களில் அப்படிச் சுண்ணாம்பு படியாமல் தடுக்கப் பயன்பட்ட ரசாயனங்களுக்கு உறவுக்காரர்தான், இன்று எலும்புத் தேய்மானத்துக்கு நாங்கள் எழுதித் தரும் அலெண்ட்ரோனேட். குடும்பப் பெயர் பிஸ்பாஸ்போனேட். சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்வது அதன் பிறவிக் குணம். உடம்பில் அதற்குக் கிடைப்பது எலும்பு.

மாசி வீதிப் பழைய வீட்டில் காரை பொரிந்தால் கொத்தனார் என்ன செய்வார்? உளுத்ததைக் கொத்திவிட்டுத்தான் புதிதாகப் பூசுவார். எலும்பிலும் இந்த வேலை ஆயுள் முழுக்க நடக்கிறது. கொத்துகிற செல் ஆஸ்டியோகிளாஸ்ட், பூசுகிற செல் ஆஸ்டியோபிளாஸ்ட். கொத்தச் சில வாரம் போதும். பூசி முடிக்க மாதக்கணக்காகும். மாதவிடாய் நின்றபின் கொத்துகிற கை வேகமெடுக்கிறது, பூசுகிற கையால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

கொத்துகிற செல் அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கையில், அதில் ஒட்டியிருக்கும் மருந்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. உள்ளே போன மருந்து, கொலஸ்ட்ரால் உண்டாகும் பாதையில் ஒரு நொதியை முடக்குகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கை வைப்பதும் அதே பாதையில்தான், படி மட்டும் வேறு. அப்புறம் அந்த செல்லால் எலும்பைக் கரைக்க முடியாது; பல செல்கள் மடிந்தும் போகும்.

சரி, பூசுகிறவர்? இந்த மாத்திரை எலும்பை வளர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். வளர்க்காது. கொத்திய இடத்திலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்டுத்தான் பூசுகிற செல் வேலைக்கு வரும். கொத்து குறைந்தால் சில மாதங்களில் பூச்சும் குறையும். ஆனாலும் ஏற்கெனவே தோண்டிய குழிகள் நிரம்புவதாலும், இருக்கிற எலும்பில் தாது இறுகுவதாலும் அடர்த்தி கூடுகிறது. இடுப்பெலும்பு முறிவு குறைகிறது. அது பெரிய லாபம்.

ஆனால் வருடக்கணக்கில் கொத்தாமலே விட்டால் பழைய காரையின் விரிசலும் அப்படியே நிற்கும். நீண்ட காலம் சாப்பிடுபவர்களில் வெகு சிலருக்குத் தொடையெலும்பு முறிவதுண்டு. அதனால் 5 வருடம் ஆனதும் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடையில் காரணமில்லாத வலி வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடமும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில். அப்போதுகூட ரத்தத்தில் சேர்வது 1 சதவீதத்துக்கும் கீழே. காபிக்கு அரை மணி நேரம் பொறுங்கள். மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால் அதுவரை படுக்காதீர்கள். விழுங்குவதற்குப் போர் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பைக் கண்டால் மாத்திரை அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.